வலிச்சா இடது கையைத் தூக்குங்க

இன்னும் பெருசா திறங்க. இன்னும். அவ்வளவுதானா? வெளியில உக்காந்து ரிசப்ஷன் பொண்ணுகிட்ட பேசினப்ப இதைவிட நல்லா திறந்துச்சே! கடைத்தெருச் சங்கத்துக்கு உங்களைத் தலைவராப் போட்டுட்டாங்க, ஞாயித்துக்கிழமை போட்டோ எடுக்குறாங்க, கூரை போட்ட நம்ம கடைத்தெரு வாசல்ல ஆளுயரத்துக்கு வைக்கப் போறாங்கன்னு ஒண்ணுவிடாம சொன்னீங்களே, எல்லாம் கேட்டுச்சு எனக்கு. நடுவுல இருக்கிறது வெறும் தட்டிதானே. ஆங், அப்படி. அப்படியே வச்சிருங்க.

தலையை ஆட்டாதீங்க, இசோகாய்-சான். என் கையில இருக்கிறது கொக்கி. முனை ஊசி மாதிரி இருக்கும். நான் ஏதாவது கேட்டா, ஆமான்னா வலது கை விரலைத் தூக்குங்க. இல்லைன்னா சும்மா இருங்க. வலிச்சா மட்டும் இடது கை. எல்லாப் பல் ஆஸ்பத்திரியிலயும் இருக்கிற வழக்கம்தானே, உங்களுக்கென்ன புதுசா? இடது கை மேல வந்துச்சுன்னா அந்த நிமிஷமே நிறுத்திடுவேன். அதுக்காக சும்மா சும்மா தூக்கிக்கிட்டு இருக்காதீங்க. வலிச்சா மட்டும்.

என்ன, துண்டா? கண்ணு மேல துண்டு போடுறது எல்லாருக்கும்தான். விளக்கு கூசும், தண்ணி தெறிக்கும். நாத்தமா? நாத்தம் ஒண்ணும் இல்ல, ரொம்ப நாளா பெட்டிக்குள்ள கிடந்தது, அந்த வாசனை. துவைச்சுத்தான் கொண்டாந்தேன். கையை வைக்காதீங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

டாக்டர் சாப்பிடப் போயிருக்காரு, ரெண்டு மணிக்குத்தான் வருவாரு. பல்லைச் சுத்தம் பண்றது என் வேலைதான். அதுவரைக்கும் நீங்களும் நானும்தான். உங்களுக்குப் பல்லு வெளுக்கணும். வெளுக்குமா வெளுக்காதான்னு கடைசியில சொல்றேன். எனக்கும் உங்களால ஒரு காரியம் ஆகணும். என்னன்னா, வயசான ஒரு அம்மா நிம்மதியா தூங்கணும். இல்லல்ல, நன்கொடையெல்லாம் கேக்கல, பயப்படாதீங்க. முதல்ல மேல்வரிசை.

போன வியாழக்கிழமை நீங்க எழுதிக் குடுத்த தாள் இந்தா இருக்கு. வயசு அம்பத்தெட்டு. தொழில், கைக்கடிகாரக் கடை. புகை பிடிப்பீங்களா, ஆமா. எத்தனை வருஷமா, முப்பத்தெட்டு. தினம் எத்தனை, இருபது. நடுவுல விட்டது உண்டா, இல்லை. அந்த இல்லைக்கு அடியில ஒரு கோடு வேற இழுத்திருக்கீங்க. பெருமையா? கையெழுத்து நல்லா முத்து முத்தா இருக்கு. ஊரெல்லாம் ஏமாத்துறவன்கூட பல் டாக்டர் தாள்ல மட்டும் நிஜத்தை எழுதிடுறான், நானும் எட்டு வருஷமா பாக்குறேன். மரப்பு ஊசி ஒத்துக்காம போயிடுமோன்னு உயிர்ப்பயம்.

அதனால மறுபடி ஒரு தடவை கேட்டுக்குறேன், எங்க வேலைக்கு வேணும். நடுவுல எப்பவுமே விட்டதில்லையா? ஒரு வருஷம்? ஒரு ஆறு மாசம்? ஒரே ஒரு வசந்த காலம்? விட்டிருந்தா வலது விரல். நல்லா யோசிங்க, அவசரமே இல்ல.

தூக்கல. சரி. எழுதிக்கிட்டேன்.

இப்ப பல்லுக்கு வருவோம். முன்னாடி பாத்தா ஒரு மாதிரி வெள்ளையாத்தான் இருக்கு. நாலடி தள்ளி நின்னு பாத்தா யாரும் ஏமாந்துதான் போவாங்க. ஆனா நான் நாலடி தள்ளி நிக்கலையே. பக்கத்துல வச்சுப் பாத்தா பளபளப்பே கிடையாது. சுவத்துக்கு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி செத்த வெள்ளை. பின்பக்கம் கண்ணாடிய விட்டா, அய்யோ, சிகரெட்டுக் கறை கட்டி கட்டியா நிக்குது. தேநீர்க் கெட்டில் உள்பக்கம்கூட இவ்வளவு கருப்பா இருக்காது. முன்னாடி மட்டும் தேச்சிருக்கீங்க. ஊருக்குத் தெரியற பக்கம் மட்டும். உங்களை மாதிரி ஆளுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு.

இந்தா, ஈறுகிட்ட கொக்கிய வைக்கிறேன், தெரியுதா? ஒரு பள்ளம். அடுத்த பல்லு, பள்ளம். கோரைப்பல்லுல என் கொக்கியே உள்ள உக்காந்துக்குது. கோடாலியால மரத்தைக் கொத்தின மாதிரி வரிசையா ஆறு பல்லுல வெட்டு. இது சிகரெட்டு பண்ணதில்ல. சிகரெட்டு கறை மட்டும்தான் போடும், பாவம், அதுக்கு இவ்வளவு கெட்ட எண்ணம் கிடையாது. இது நீங்க பண்ணது. அந்தப் பேஸ்டு.

புகை பிடிக்கிறவங்களுக்குன்னே விக்கிறாங்களே, அதேதானே? அதையும் எழுதியிருக்கீங்க. பதினாலு வருஷமா, ஒரு நாளைக்கு நாலு தடவை. நாலு தடவை! ஓட்டல்காரன்கூட தட்டை அவ்வளவு தடவை தேய்க்க மாட்டான். அது உள்ள என்ன இருக்கும்னு நினைச்சீங்க? வெளுக்கிற மந்திரமா? தூள். நறநறன்னு தூள். கறையைச் சுரண்டி எடுக்கும், அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச வேலை. மெதுவா, அளவா தேச்சா கறையோட போயிடும். நீங்க கெட்டி பிரஷ்ஷை வச்சுக்கிட்டு கொலைவெறியோட தேச்சிருக்கீங்க. வீட்டுல அரக்குப் பூசின சூப்புக் கிண்ணம் இருக்கில்ல, அதை இரும்பு நார் போட்டுத் தேச்சா அழுக்கு மட்டுமா போகும்? அரக்கும்தான் போகும். பல்லுக்கு மேல இருக்கிற எனாமலும் அப்படித்தான். போனா போனதுதான். நகம் மாதிரி, முடி மாதிரி வளராது. உங்க ஆயுசுக்கும் வராது.

வேடிக்கை என்னன்னா, எனாமல் தேயத் தேய பல்லு மஞ்சளாத்தான் ஆகும். ஆமா, மஞ்சளா. உள்ள இருக்கிற பல்லோட சொந்த நிறமே மஞ்சள்தான், மேல இருக்கிற பூச்சு மெலிஞ்சா அது எட்டிப் பாக்கும், உங்க ஈறுகிட்ட இப்பவே தெரியுது. அதைக் கறைன்னு நினைச்சு இன்னும் தேய்ப்பீங்க. அது இன்னும் தெரியும். சொரசொரன்னு ஆன இடத்துல புகைக் கறை இன்னும் சீக்கிரமா பிடிக்கும். மறுபடி தேய்ப்பீங்க. பதினாலு வருஷம் இதே பொழப்பு. மறைக்கிறதுக்காகத் தேச்சுத் தேச்சு, உள்ள இருக்கிறதை நீங்களே வெளிய கொண்டாந்துட்டீங்க.

சில்லுனு காத்து அடிக்கிறேன், பொறுத்துக்கோங்க. ம்ம், துள்ளுறீங்க. இடது கை வந்துச்சு, நிறுத்திட்டேன் பாருங்க. சொன்ன சொல்லுல நிப்பேன் நான்.

ஒரு சந்தேகம். மனுஷன் வெள்ளைப் பல்லுக்கு ஆசைப்படறது தப்பில்ல. ஆனா பல்லு சில்லுனு கூசும்போதும், சாப்பாடு இறங்காதப்பவும், பதினாலு வருஷம் விடாம ஒருத்தர் தேய்க்கிறாருன்னா அது அழகுக்காக இல்ல. பயத்துக்காக. வீட்டம்மாவுக்குப் பயந்தா? ஆமாவா? விரல் தூக்கினீங்களே, ஆமாதான். விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு, அந்த வசந்தத்துலதான் இந்தப் பேஸ்டை வாங்க ஆரம்பிச்சீங்க. பின்பக்கச் சந்துல போய்க் குடிக்கிறது, உள்ள வந்து தேய்க்கிறது. அதுவரைக்கும் எனக்குச் சிரிப்புத்தான் வருது. எத்தனை பேரு அப்படி. ஆனா அவங்க காலமாகி ஆறு வருஷம் ஆச்சே, இசோகாய்-சான். அதுக்கப்புறமும் யாருக்குப் பயந்து தேய்ச்சீங்க?

எனக்கு எப்படித் தெரியுமா? சொல்றேன். திறங்க, மூடாதீங்க, விரலைக் கடிச்சிடப் போறீங்க. உங்க தெருவுலயே ரெண்டு பல் டாக்டர் இருக்காங்க. அவங்களை விட்டுட்டு ரெண்டு ஸ்டேஷன் தாண்டி இங்க ஏன் வரணும்னு வியாழக்கிழமை ராத்திரி பூரா யோசிச்சேன். அங்க போனா வாயைத் திறக்கணும். பின்பக்கத்தைப் பாத்துடுவாங்க. இசோகாய் இன்னும் புகைக்கிறாருன்னு சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிடும். இங்க யாருக்கு உங்களைத் தெரியப் போகுது, அதானே கணக்கு?

உங்க கடைக்கு முதுகு ஒட்டினாப்புல ஒரு தெம்புராக் கடை இருந்துச்சில்ல? இறால், கத்திரிக்கா, வள்ளிக்கிழங்கு எல்லாம் பொரிச்சு விப்பாங்க. புருஷன் இல்லாத பொம்பளை, ஒத்த ஆளா நடத்தின கடை. ஞாபகம் இருக்கா? விரல் தூக்க இவ்வளவு நேரமா? சரி, இருக்கு.

பதினாலு வருஷத்துக்கு முன்னாடி, அக்டோபர் மாசம், மதியக் கூட்டம் முடிஞ்சு கடையைச் சாத்திட்டு அந்தம்மா மாடியில கண்ணசந்திருந்தாங்க. மூணு மணி வாக்குல பின்பக்கச் சந்துல தீ. அவங்க கடை, காய்கறிக் கடை, உங்க கடையோட பின்சுவரு, எல்லாம் எரிஞ்சுது. ஒரு உயிரும் போகல, அந்த மட்டுக்கும் புண்ணியம். தீயணைப்பு ஆளுங்க வந்து பாத்தாங்க. தெம்புரா பொரிச்சா மிதக்குற மாவுத்தூளைத் தண்ணி ஊத்தாம சூட்டோட வாளியில குவிச்சு வச்சா, கொஞ்ச நேரம் கழிச்சு அதுவே பத்திக்கும். பச்சைக் குழந்தைக்குக்கூட தெரியும் நம்ம பக்கத்துல. வாளியும் அங்கதான் கிடந்துச்சு. விசாரிக்கவே வேணாமே! தெம்புராக்காரி தண்ணி ஊத்த மறந்துட்டா, முடிஞ்சுது கதை.

ஊத்தினேன்னு அந்தம்மா சொன்னாங்க. இருபது வருஷமா ஊத்துறேன், அன்னைக்கும் ஊத்தினேன்னு சொன்னாங்க. யாரு கேட்டா? அவங்களுக்கு ஒரு பொண்ணு, பள்ளிக்கூடத்துப் பொண்ணு. அவ போய்ச் சொன்னா, கைக்கடிகாரக் கடைக்காரரு அந்தச் சந்துல அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிற இடத்துல நின்னு தினம் சிகரெட்டு குடிப்பாரு, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாத்திருக்கேன்னு. தீயணைப்பு ஆளு உங்களைக் கூப்பிட்டுக் கேட்டாரு. தெருவே நின்னுச்சு சுத்தி.

நீங்க என்ன பண்ணீங்க, மறந்திருக்காது. சிரிச்சீங்க. மேல் உதட்டை விரலால தூக்கிக் காட்டினீங்க. வசந்தத்துலயே விட்டுட்டேங்க, பாருங்க பல்லை, சிகரெட்டு குடிக்கிறவன் பல்லா இதுன்னு கேட்டீங்க. எல்லாரும் எட்டிப் பாத்தாங்க. வெள்ளையா இருந்துச்சு. உங்க வீட்டம்மாகூட பக்கத்துல நின்னு ஆமான்னு தலையாட்டினாங்க, பாவம், அவங்களுக்கு என்ன தெரியும். அம்மாவைக் காப்பாத்தப் பொண்ணு பொய் சொல்லுதுன்னு சொல்லி அந்தப் பிள்ளையை அனுப்பிட்டாங்க. ஒரு டியூப் பேஸ்டு ஜெயிச்சுது.

இடது கையா? இப்ப எங்க வலிக்குது? மேல்வரிசை முடிஞ்சுடுச்சு, கீழ்வரிசையில இன்னும் கையே வைக்கலையே. இறக்குங்க. வலிச்சா மட்டும்னு சொன்னேன்.

அடுத்த வாரம் அந்தம்மா நாப்பது துண்டு வாங்கினாங்க. மன்னிப்புக் கேக்கப் போனா துண்டு குடுக்கிற வழக்கப்படி காகிதம் சுத்தி, கடை பேரு எழுதி, வீடு வீடாப் போய் இடுப்பு ஒடியக் குனிஞ்சாங்க. எங்க வீட்டுத் தீயால உங்களுக்குத் தொந்தரவு ஆச்சு, மன்னிக்கணும். எங்க வீட்டுத் தீயால உங்களுக்குத் தொந்தரவு ஆச்சு, மன்னிக்கணும். நாப்பது வாசல். ஆறு பேரு அப்பவே வாங்கல. சில பேரு வாங்கிட்டு மறுநாள் கொண்டாந்து வாசல்ல வச்சுட்டுப் போனாங்க. நீங்க அப்படியெல்லாம் பண்ணல. ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டீங்க. பெரிய மனுஷன் மாதிரி சிரிச்சு, இதெல்லாம் யாருக்கும் நடக்கிறதுதான், அடுத்த தடவை தண்ணி ஊத்த மறந்துடாதீங்கன்னு சொன்னீங்க.

அடுத்த தடவை! அந்த வாசல்ல அந்தம்மாவுக்குப் பின்னால யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு அந்தப் பொண்ணும் குனிஞ்சுக்கிட்டு நின்னுச்சு. நிமிந்தப்ப அதுக்கு உங்க வாயி மட்டும்தான் தெரிஞ்சுது. பேஸ்டு வாசனை.

திறங்க. கீழ முன்பல்லு. அதிகம் இல்ல, கொஞ்சம்தான்.

அந்தப் பொண்ணு என்ன ஆச்சுன்னா கேக்குறீங்க? ம்ம்னு ஒரு சத்தம் வந்துச்சே, அதான். ஊரைவிட்டு வந்துட்டாங்க, ரெண்டு ஸ்டேஷன் தள்ளி. ஆனா அந்தத் தெருச் சேதி காதுல விழுந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. பொண்ணு பல்லு படிப்பு படிச்சா. வேற என்னத்தைப் படிப்பா, பல்லைக் காட்டி ஒரு ஆளு தப்பிச்சுப் போனதைக் கண்ணால பாத்தவ! கல்யாணம் ஆச்சு, குடும்பப் பேரு மாறிடுச்சு. நாளெல்லாம் பாதி மூஞ்சிய மாஸ்க் மூடிக்கிட்டு வேலை. போன வாரம் ஒருத்தரு போன்ல நேரம் கேட்டாரு, இசோகாய், கைக்கடிகாரக் கடைன்னாரு. எழுதிக்கிட்டேன். எழுத்துக் கோணாம எழுதினேன்.

துண்டை எடுக்காதீங்க. என் மூஞ்சியைப் பாத்து இப்ப என்ன ஆகப் போகுது.

கேளுங்க. நீங்க வேணும்னு நெருப்பு வச்சீங்கன்னு நான் சொல்லல. சிகரெட்டுக் கட்டையை அட்டைப்பெட்டி மேல போட்டீங்களா, அணைச்சீங்களான்னு உங்களுக்குத்தான் தெரியும். ஆனா அன்னைக்கு அந்தச் சந்துல நின்னு பிடிச்சீங்க. இல்லைன்னா நாலு தடவை தேச்சிருக்க மாட்டீங்க. நஷ்ட ஈடெல்லாம் எனக்கு வேணாம். எனக்கு இருக்கிற சங்கடமே வேற. எங்கம்மா இப்ப நம்பிட்டாங்க.

என்னத்தையா? தண்ணி ஊத்த மறந்ததை. முதல் ரெண்டு மூணு வருஷம் ஊத்தினேன் ஊத்தினேன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. அப்புறம் ஊத்தினேன்னுதான் நினைக்கிறேன்னாங்க. இப்ப, மறந்துட்டேன் போலிருக்குடி, அவரு அவ்வளவு மரியாதையா சொன்னாரே, அந்த மனுஷன் எதுக்குப் பொய் சொல்லப் போறாருன்னு சொல்றாங்க. எழுபத்தொரு வயசு. அடுப்புப் பக்கம் போறதில்ல. டீ வடிகட்டின சக்கைக்குக்கூட தண்ணி ஊத்துறாங்க. குப்பைக்கூடைக்கு ஊத்துறாங்க. காலையில எழுந்தா வீடெல்லாம் ஈரம். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறாங்க. நீங்க தேய்க்கிற அதே நாலு.

நான் போய் இந்தத் தாளைக் காட்டலாம். காட்ட மாட்டேன். நோயாளி எழுதினது இந்த அறையைத் தாண்டக் கூடாது, அது எங்க தொழில். வேலை போனாலும் போகட்டும்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். ஆனா நான் சொன்னா அம்மா நம்ப மாட்டாங்க. ஆறுதலுக்குச் சொல்றேன்னு என் தலையைத் தடவிக் குடுப்பாங்க. அவங்க நம்புறது உங்களை. உலகத்துலயே உங்க ஒருத்தரை.

ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் போட்டோ. அதுக்குள்ள பல்லு வெளுக்காது, இசோகாய்-சான். கறையை எடுத்துட்டேன், இனிமே தெரியறது உங்க சொந்த நிறம். மெதுவான பிரஷ் வாங்குங்க, அந்தப் பேஸ்டைத் தூக்கிப் போடுங்க. எங்க வீடு இங்கேருந்து மூணு நிமிஷ நடை, நீல ஜன்னல், வாசல்ல தண்ணி வாளி வரிசையா இருக்கும், தப்பவே தப்பாது. சிகரெட்டை நான் விடலைம்மா, அந்தச் சந்துல பிடிச்சது நான்தான்னு ரெண்டு வரி. போனாப் போங்க, போகாட்டி போட்டோவுக்குச் சிரிங்க. என்னால உங்களை ஒண்ணும் பண்ண முடியாது.

வெறும் கையோட போகாதீங்க. மூஞ்சி மேல கிடக்கே, அதை எடுத்துக்கிட்டுப் போங்க. கிளினிக்குத் துண்டு இல்ல அது. ஓரத்துல இறால் படம் போட்டிருக்கும், எங்க கடையோடது. நாப்பதுல திரும்பி வந்தது.

ஆச்சு. கொக்கியைத் தட்டுல வச்சுட்டேன், எச்சில் உறிஞ்சுற குழாயையும் எடுத்துட்டேன். எழுந்து கொப்பளிச்சுக்கோங்க. என்ன? எதுக்கு இடது கையைத் தூக்குறீங்க? நான் உங்க வாயிலேருந்து கையை எடுத்து எவ்வளவு நேரம் ஆச்சு.